ஹேங்க் ஆரன் ஓடிய 188 கிலோமீட்டர்

ஜூன் 16, 2024, ஞாயிறு – அட்லாண்டா

பந்து விழுந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். அட்லாண்டாவின் சம்மர்ஹில் பகுதியில், நெடுஞ்சாலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1965-ல் இங்கே ஒரு ஸ்டேடியம் எழுந்தது, 1997-ல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடங்களுக்கு நடுவே, 1974 ஏப்ரல் 8 அன்று இரவு 9:07-க்கு, பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரன் தன்னுடைய 715-வது ஹோம் ரன்னை, அதாவது பந்தை வேலிக்கு மேலே பறக்கவிடும் அடியை, இங்கேதான் அடித்தார். பேப் ரூத் 1935-ல் 714-ஓடு ஓய்வு பெற்றிருந்தார். அந்த எண்ணைத் தொடவே முடியாது என்று ஒரு தலைமுறை நம்பியிருந்தது.

ஒரு வேலித் துண்டும், அதில் எண்ணும் பெயரும் தேதியும் போட்ட ஒரு பலகையும்தான் மிச்சம். பழைய ஆட்டக்களத்தின் எல்லையைத் தரையில் கோடாகக் காட்டியிருக்கிறார்கள். சார்லட்டிலிருந்து நான் காரோட்டி வந்தது இதற்காகத்தான். கூட வந்த என் அத்தை மகன் மரியெட்டாவில் இருக்கிறான். இத்தனை வருடம் அட்லாண்டா வாசியாக இருந்தும் இந்த இடத்தை அவன் பார்த்ததில்லை.

“இதுவா மாப்ள? பெயின்ட் கோடும் ஒரு வேலியுமா?” என்றான்.

“இதேதான் மச்சான். அந்தப் பக்கம்தான் பந்து வீசுறவங்க தயாராகிற இடம். டாம் ஹவுஸ்னு ஒரு பிட்சர் அங்கேயிருந்து கையை உயர்த்திப் பந்தைப் பிடிச்சார். பிடிச்ச கையோட ஓடிப்போய் ஆரன்கிட்டயே கொடுத்தார்.”

அன்றைக்கு எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். பந்து வீசியவர் அல் டவுனிங். அவர் சட்டையிலும் 44, ஆரன் சட்டையிலும் 44. வந்திருந்த கூட்டம் 53,775 பேர். ஆரன் இரண்டாவது பேஸைக் கடக்கும்போது இரண்டு பதினேழு வயதுப் பையன்கள் வேலி தாண்டி வந்து, முதுகில் தட்டிக் கொடுத்தபடி கூடவே ஓடினார்கள். படத்தில் பார்த்தால் நமக்கு உற்சாகமாக இருக்கிறது. ஆனால் பார்வையாளர் வரிசையில் அவருடைய பாதுகாப்புக்கு உட்கார்ந்திருந்த போலீஸ்காரருக்கு, துப்பாக்கியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தச் சில நொடிகள்தான் இருந்தன. ஆரன் கடைசி பேஸை மிதித்ததும் அவர் அம்மா எஸ்டெல்லா ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிடி அவ்வளவு இறுக்கமாக இருந்ததாம். மகனை யாராவது சுடுவதாக இருந்தால் தன்னைத் தாண்டித்தான் சுடவேண்டும் என்று அந்தத் தாய் நினைத்ததாகப் பிறகு சொல்லப்பட்டது.

மைக்கைக் கொடுத்தபோது ஆரன் சொன்னது, இது முடிந்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்பதுதான். விளையாட்டு உலகின் மிகப்பெரிய சாதனையைச் செய்த மனிதர் பேசிய முதல் வார்த்தைகள் இவை. எனக்கு இந்தப் பயணமே அந்த ஒரு வாக்கியத்தால் வந்ததுதான்.

மாலையில் கார் எடுத்துக்கொண்டு ட்ரூயிஸ்ட் பார்க் போனோம். ஆரன் ஆடிய பிரேவ்ஸ் அணி 2017-ல் சம்மர்ஹில்லை விட்டுப் புறநகரான காப் கவுன்டிக்குக் குடிபோய்விட்டது. உள்ளே ஆரனுக்கு வெண்கலச் சிலை, பின்னால் பேஸ்பால் மட்டைகளையே அடுக்கிச் செய்த பிரம்மாண்டமான 755. அவர் மொத்தம் அடித்த ஹோம் ரன்கள் அத்தனை. அழகான வேலைப்பாடு, நன்றாக நின்று பார்த்தோம். ஆனாலும் எனக்கு அந்த வேலித் துண்டுதான் பெரிது.

ஜூன் 17, திங்கள் – அட்லாண்டா

காலையில் சவுத்-வியூ கல்லறைத் தோட்டம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1886-ல் தங்கள் பணத்தில் நிறுவியது. வெள்ளையர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் பின்வாசல் வழியாகத்தான் போகலாம் என்றிருந்த காலம் அது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கை முதலில் அடக்கம் செய்தது இங்கேதான். அவருடைய பெற்றோர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். சிவில் உரிமைப் போராளி ஜான் லூயிஸ் 2020-ல் வந்தார். 2021 ஜனவரி 22 அன்று 86 வயதில் காலமான ஹென்றி ‘ஹேங்க்’ ஆரனும் இங்கேதான். மச்சான் பூ வாங்கி வந்திருந்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே வாங்கியது.

கடிதங்களைப் பற்றி இன்று எழுதிவிடுகிறேன், மற்ற நாட்களில் அதைச் சுமக்க விருப்பமில்லை.

1973-ல் ஆரனுக்கு வந்த கடிதங்கள் சுமார் 9,30,000. அந்த ஆண்டு அரசியல்வாதி அல்லாத வேறெந்த அமெரிக்கருக்கும் அவ்வளவு வந்ததில்லை என்று தபால் துறை ஒரு பட்டயமே கொடுத்தது. பாதிக்கு மேல் வாழ்த்தாகவே இருந்திருக்கட்டும், மிச்சம் இருந்தவை போதும். ஒரு வெள்ளையரின் சாதனையை ஒரு கறுப்பர் முறியடிக்கக் கூடாது என்று எழுதினார்கள், எந்த ஊரில் எந்தத் தேதியில் சுடுவோம் என்று எழுதினார்கள். நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கடத்தப்போவதாகச் செய்தி வந்து, அந்த வளாகத்தில் எஃப்.பி.ஐ. காவல் போட வேண்டியதாயிற்று. வெளியூர் போனால் அணி ஒரு ஹோட்டலில், ஆரன் வேறிடத்தில், வேறு பெயரில். ஆட்டம் முடிந்தால் ஸ்டேடியத்தின் பின்வாசல். அப்போது அவருக்கு 39 வயது. அந்த வருடம் 392 முறைதான் மட்டை பிடித்தார், அதில் 40 ஹோம் ரன். இப்படியொரு நெருக்கடியில் இப்படியொரு ஆட்டம் எப்படி வந்தது என்று எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் பிடிபடுவதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 1973 செப்டம்பர் 17 அன்று சொந்த ஊரில், அட்லாண்டாவில், அவர் 711-வது ஹோம் ரன்னை அடித்தபோது ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் 1,362 பேர். ரூத்தைத் தொட மூன்றே மூன்று பாக்கி. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் இடம் அது. பகை காட்டியவர்களையாவது புரிந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வராமல் வீட்டில் இருந்தவர்களை என்ன சொல்வது?

அடுத்த ஏப்ரலில், கிங் கொல்லப்பட்ட நாளான ஏப்ரல் 4 அன்று சின்சினாட்டியில் முதல் ஆட்டம். தொடங்குவதற்கு முன் கிங்குக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கலாமா என்று ஆரன் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் களத்தில் இறங்கி, அந்தப் பருவத்தில் மட்டையின் முதல் வீச்சிலேயே 714-ஐ அடித்து ரூத்துக்குச் சமமானார். நான்கு நாள் கழித்து நேற்று நாங்கள் நின்ற இடத்தில் 715. பேஸ்பாலின் தலைமை ஆணையர் போவி குன் அந்த இரவு அட்லாண்டா வரவில்லை, கிளீவ்லாந்தில் ஒரு விருந்தில் இருந்தார்.

சரி, கடிதங்களை இதோடு விடுகிறேன்.

ஜூன் 18, செவ்வாய் – அட்லாண்டாவிலிருந்து மொபீல்

இன்று முழுக்க ரோடு. புறப்படும்போது காரில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தேன். காரணம் இருக்கிறது.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாக: பேஸ்பாலில் நான்கு பேஸ்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. அடித்துவிட்டு முதல் பேஸை எட்டினால் சிங்கிள். இரண்டாவது வரை போனால் டபுள், மூன்றாவது வரை என்றால் டிரிபிள். வேலிக்கு மேலே பறக்கவிட்டால் ஹோம் ரன், நான்கும் சொந்தம். ஒருவர் தன் அடியால் மட்டுமே சம்பாதித்த பேஸ்களைக் கூட்டினால் கிடைப்பதுதான் மொத்த பேஸ் கணக்கு. ஆரனின் கணக்கு 6,856. இரண்டாம் இடத்தில் இருக்கும் ஆல்பர்ட் பூஹோல்ஸுக்கு 6,211. இந்தச் சாதனை இன்றுவரை அப்படியே நிற்கிறது.

எல்லோரும் 715, 755 என்று பேசுகிறார்கள். 2007 ஆகஸ்டில் பேரி பாண்ட்ஸ் 756-ஐ அடித்ததோடு அந்தப் பேச்சும் வேறு பக்கம் போய்விட்டது, ஊக்க மருந்து விவாதம், அது இது என்று. ஆரனை அளக்க வேண்டிய எண் 6,856 என்பது என் கட்சி. அதைத் தூரமாக மாற்றிப் பாருங்கள்: 6,856 முறை 90 அடி என்றால் 117 மைல், 188 கிலோமீட்டர். பூஹோல்ஸைவிட ஏறக்குறைய 18 கிலோமீட்டர் அதிகம்.

ஒரு பருவத்தில்கூட அவர் 50 ஹோம் ரன் அடித்ததில்லை. அதிகபட்சம் 1971-ல் 47. நான்கு பருவங்களில் சொல்லிவைத்தாற்போல 44. ரூத் ஒரே வருடத்தில் 60 அடித்தவர். ஆரன் 20, 30, 40 என்று 23 வருடம் அடித்துக்கொண்டே போனார். அவருடைய 755 ஹோம் ரன்களையும் அப்படியே தூக்கி எறிந்துவிட்டுக் கணக்குப் போட்டால்கூட 3,016 ஹிட் மிஞ்சும். 3,000 ஹிட் என்பதே பெரும் வீரர்களுக்கு மட்டும் வாய்க்கும் எல்லைக்கோடு. ஆட்டமிழக்க வைக்கும் மூன்று ஸ்ட்ரைக்குகளுக்கு அவர் ஒரு பருவத்தில் நூறு தடவை பலியானதே இல்லை. இந்தக் காலத்து ஹோம் ரன் மன்னர்களில் பலர் ஜூலைக்குள் நூறைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஜார்ஜியா எல்லையைத் தாண்டினோம். வழியில் ஒரு பெட்டிக்கடையில் அவித்த வேர்க்கடலை, உப்பு போட்டு, பெரிய அண்டாவிலிருந்து சுடச்சுட அள்ளிக் கொடுக்கிறார்கள். அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் சாலையோரத்தில் இது எங்கும் கிடைக்கிறது. மச்சான் இரண்டு பை வாங்கினான். ஆபர்ன் போனது. டஸ்கீகிக்குச் சற்று முன்னால், இருபுறமும் பைன் காடு அடர்ந்த இடத்தில், மீட்டர் 117-ஐத் தொட்டது.

“இவ்ளோ தூரமா?” என்றான் மச்சான். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமாக வண்டி எழுபதில் ஓடியிருக்கிறது. நானே மலைத்துப்போனேன். கணக்கு போட்டுப் பார்ப்பது வேறு, அதைக் காரில் ஓட்டிப் பார்ப்பது வேறு. ஒவ்வொரு 90 அடிக்கும் பின்னால் ஒரு பிட்சர் இருந்தார், அவரை ஆட்டமிழக்கச் செய்வதே வேலையாக.

மாலை மொபீல் வந்து சேர்ந்தோம். ஹோட்டலில் பையை வைத்து டி.வி.யைப் போட்டால் அந்தச் செய்தி: வில்லி மேஸ் காலமானார், வயது 93. அவரும் அலபாமாக்காரர்தான். 1952-ல் ஆரனை, கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக் அணியிலிருந்து விலைக்கு வாங்க இரண்டு அணிகள் வந்தன. மேஸின் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒன்று, அப்போது பாஸ்டனில் இருந்த பிரேவ்ஸ் மற்றொன்று. மாதத்துக்கு ஐம்பது டாலர் கூடுதலாகத் தருகிறோம் என்றது பிரேவ்ஸ். அந்த ஐம்பது டாலர் இல்லாவிட்டால் மேஸும் ஆரனும் ஒரே அணியில் ஆடியிருப்பார்கள்.

அதற்கு மேல் இன்று எழுத ஓடவில்லை.

ஜூன் 19, புதன் – மொபீல்

இன்று ஜூன்டீன்த், அடிமை முறை முடிவுக்கு வந்ததை நினைவுகூரும் விடுமுறை நாள். கடைகள் பாதி மூடியிருந்தன. மொபீலின் ஈரக் காற்றில் காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது.

இந்த ஒரு ஊரும் சுற்றுப்புறமும் பேஸ்பாலுக்குக் கொடுத்தவர்களைப் பாருங்கள்: சாட்சல் பெய்ஜ், ஹேங்க் ஆரன், வில்லி மெக்கோவி, பில்லி வில்லியம்ஸ், ஓஸி ஸ்மித். ஐந்து பேருமே கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழரங்கில் இடம்பெற்றவர்கள்.

ஆரன் 1934 பிப்ரவரி 5-ல் பிறந்தார். அப்பா ஹெர்பர்ட் கப்பல் கட்டும் தளத்தில் கூலி. டூல்மின்வில் பகுதியில் ஒரு சிறிய மனை வாங்கி, பழைய மரங்களைச் சேர்த்து, தானே வீடு கட்டினார். மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய் விளக்கு. எட்டுப் பிள்ளைகள். 2008-ல் அந்த வீட்டை அப்படியே பெயர்த்து ஊரின் ஸ்டேடியம் பக்கம் கொண்டுபோய், 2010-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நாங்கள் டூல்மின்வில் தெருக்களில் நடந்தோம். தாழ்ந்த வீடுகள், முன் திண்ணை, ஓக் மர நிழல். இங்கே எங்கேயோதான் அந்தப் பையன் பாட்டில் மூடியைத் தூக்கிப் போட்டுக் குச்சியால் அடித்துப் பழகியிருக்கிறான். பந்து வாங்கக் காசு இல்லை. பாட்டில் மூடி காற்றில் நேராக வராது, வளையும், சட்டென்று தாழும். பின்னாளில் அவருடைய மணிக்கட்டின் வேகத்தை எல்லோரும் வியந்தார்கள். சேவலுக்குத் தெரியாமல் சூரியனை மேலே கொண்டுவர முடியாது, ஆரனுக்குத் தெரியாமல் வேகப்பந்து வீச முடியாது என்று எதிரணிக்காரர்களே பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு விசேஷம். அவர் மட்டையைப் பிடித்ததே தலைகீழாக. வலக்கை ஆட்டக்காரர் வலக்கையை மேலே வைத்துப் பிடிக்கவேண்டும், இவர் இடக்கையை மேலே வைத்துப் பிடித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் யாரும் திருத்தவுமில்லை. தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பிறகுதான் பிடியை மாற்றினார்.

1948-ல் ஜாக்கி ராபின்சன் மொபீலுக்கு வந்து டேவிஸ் அவென்யூவில் பேசினார். பேஸ்பாலின் நிறத்தடையை முந்தின வருடம்தான் உடைத்திருந்தார். பதினான்கு வயது ஆரன் வகுப்பை விட்டுவிட்டுப் போய்க் கேட்டார். அந்தச் சாலைக்கு இப்போது மார்ட்டின் லூதர் கிங் பெயர். நாங்கள் போனபோது விழாவுக்காக நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரனைப் பற்றி மச்சான் விசாரிக்க, நாற்காலி இறக்கிய பெரியவர் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு, “நீங்கள் தம்பியை மறந்துவிடக் கூடாது” என்றார். சரியாகத்தான் சொன்னார். தம்பி டாமி ஆரனும் பிரேவ்ஸில் ஆடியவர். 13 ஹோம் ரன். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து 768, அது சகோதரர்களுக்கான சாதனை. டாமி 1984-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார்.

1952-ல் பதினெட்டு வயது ஆரன் மொபீல் ரயில் நிலையத்தில் வண்டி ஏறியபோது கையில் இருந்தது இரண்டு டாலர், இரண்டு பேன்ட், அம்மா கட்டிக்கொடுத்த இரண்டு சாண்ட்விச். இண்டியானபோலிஸ் கிளவுன்ஸ் என்ற நீக்ரோ லீக் அணியில் சேரப் போனார். மாதம் 200 டாலர் சம்பளம். அந்த நாட்களில் வாஷிங்டனில் ஒரு உணவகத்தில் அணியினர் சாப்பிட்டு முடித்ததும் உள்ளே தட்டுகள் உடைபடும் சத்தம் கேட்டது. கறுப்பர்கள் சாப்பிட்ட தட்டு என்பதால் சமையலறையில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். நாய்கள் தின்றிருந்தாலும் கழுவி வைத்திருப்பார்கள் என்று ஆரன் பிற்காலத்தில் வேதனையோடு சொன்னார். இதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். மச்சானுக்கு இன்று சொன்னபோது அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் நடந்தான். எச்சில் தீட்டு என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

போன மாதம்தான் நீக்ரோ லீக் கணக்குகளை அதிகாரப்பூர்வ பதிவேட்டில் சேர்த்தார்கள். ஆனால் 1920 முதல் 1948 வரைதான். மேஸுக்கு 1948-ல் அடித்த பத்து ஹிட் சேர்ந்தது. ஆரன் 1952-ல் ஆடியதால் அவர் கணக்கில் எதுவும் ஏறவில்லை.

ஜூன் 20, வியாழன் – திரும்பும் வழி

மொபீலிலிருந்து அட்லாண்டாவுக்கு வந்த வழியே திரும்பினோம், நடுவில் மான்ட்கோமரியில் சாப்பாடு. எழுத அதிகமில்லை. ராத்திரி மச்சான் வீட்டில் தோசை, டி.வி.யில் ஆட்டம்.

சாதாரண ஆட்டமல்ல. பர்மிங்ஹாமில் 1910-ல் திறந்த ரிக்வுட் ஃபீல்டு, நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய தொழில்முறை பேஸ்பால் மைதானம். வில்லி மேஸ் 1948-ல் பையனாக ஆடிய இடம். நீக்ரோ லீக்கைச் சிறப்பிக்கும் ஆட்டம் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் மேஸ் போய்விட்டார். 99 வயது பில் கிரீசன், மேஸோடு அதே அணியில் ஆடியவர், வந்து முதல் பந்தை எறிந்தார். கார்டினல்ஸ் 6, ஜயன்ட்ஸ் 5.

ஆனால் எனக்கு ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய பேச்சுதான் மனதில் நிற்கிறது. ரெஜி ஜாக்சன் 1967-ல் இதே பர்மிங்ஹாமில் ஆடியவர். அந்த ஞாபகத்தைக் கேட்டார்கள். இனிமையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் உணவகங்களில் விரட்டப்பட்டதையும் ஹோட்டலில் அறை மறுக்கப்பட்டதையும் நேரலையில், மறைக்காமல், அந்த வசைச்சொல்லோடே சொன்னார். யாருக்கும் இது நேரக் கூடாது என்றார். மச்சானின் மகள், பன்னிரண்டு வயது, “இது எப்போ நடந்தது?” என்று கேட்டாள்.

“உங்க தாத்தா காலேஜ் படிச்சப்ப” என்றான் மச்சான்.

1967-ல் ஆரன் அட்லாண்டாவில் தன் இரண்டாவது வருடத்தை ஆடிக்கொண்டிருந்தார். பிரேவ்ஸ் 1966-ல் மில்வாக்கியை விட்டுத் தெற்கே வந்தபோது அவருக்கு வர விருப்பமே இல்லை. 1953-ல் ஜாக்சன்வில் அணிக்காக, தெற்கின் ஊர்களில் நிறத்தடையை உடைத்த முதல் கறுப்பர்களில் ஒருவராக, அவர் ஏற்கனவே எல்லாம் பார்த்துவிட்டவர். சக வீரர்கள் ஹோட்டலில், இவர் ஊரின் மறுபுறம் யாரோ ஒருவர் வீட்டில். அந்தப் பருவம் லீகின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது.

ஜூன் 22, சனி – மில்வாக்கி

மச்சானுக்கு வேலை, நான் மட்டும் விமானத்தில் வந்தேன். மிச்சிகன் ஏரிக் காற்று. தெற்கின் புழுக்கத்துக்குப் பிறகு உடம்பே லேசானது போலிருக்கிறது.

ஆரன் நிஜமாகவே சந்தோஷமாக ஆடிய ஊர் இதுதான் என்பது என் எண்ணம். 1954-ல் பாபி தாம்சன் கணுக்கால் முறிந்து படுத்ததால் கிடைத்த இடம், ஏப்ரல் 13-ல் முதல் ஆட்டம், இருபது வயது. 1956-லும் 1959-லும் லீகின் மிக உயர்ந்த பேட்டிங் சராசரி. நடுவில் 1957. அந்த வருடத்துக்காகவே இங்கே வரலாம்.

1957 செப்டம்பர் 23. பிரேவ்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் மோதும் ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், 2-2. ஜெயித்தால் லீக் கோப்பை. ஆரன் நடுக்களத்தின் வேலிக்கு மேலே அடித்தார். அணி முழுக்க ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. ஊர் விடிய விடியத் தூங்கவில்லை. பிறகு உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸை ஏழு ஆட்டத்தில் வீழ்த்தினார்கள், ஆரனின் சராசரி .393, மூன்று ஹோம் ரன். 715-ஐவிடவும் அந்தச் செப்டம்பர் ஹோம் ரன்தான் தனக்குப் பிடித்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கடைசியில் நன்றி சொல்லி மூச்சுவிட வேண்டியிருக்கவில்லை, வெறும் ஆனந்தம்.

அதே செப்டம்பர் 23 அன்று ஆர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக்கில், ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்ததற்காக வெளியே வெறிக்கும்பல் திரண்டது. ஒரே நாள். ஒரு ஊரில் வெள்ளைத் தோள்கள் மீது கறுப்பு இளைஞர். மற்ற ஊரில் பள்ளிக்கூட வாசலில் அடி உதை.

ஸ்டேடியத்தில் இன்று ஆட்டம் இல்லை. வெளியே ஆரனுக்குச் சிலை இருக்கிறது, கால்களைத் திருப்பி வீச்சை முடிக்கும் நிலையில். பழைய கவுன்டி ஸ்டேடியம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துமிடமும், சிறுவர்கள் ஆடும் ஹெல்ஃபேர் ஃபீல்டும். கடைசி இரண்டு பருவங்களுக்கு ஆரன் மில்வாக்கியின் ப்ரூவர்ஸ் அணிக்குத் திரும்பி வந்திருந்தார்; 1976 ஜூலை 20-ல் அவருடைய 755-வது, கடைசி ஹோம் ரன் விழுந்த இடத்தைக் குறித்து ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். ஆக 715-க்கும் 755-க்கும் கார்கள்தான் துணை. அந்தக் கடைசிப் பந்தை எடுத்தவர் மைதானப் பணியாளர் ஒருவர். ஆரன் கையில் நேரில் கொடுக்கிறேன் என்றார். நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பந்தைத் தரவில்லை, வேலையை விட்டு நீக்கினார்கள், கடைசிச் சம்பளத்தில் பந்துக்காக ஐந்து டாலர் பிடித்தார்கள். பல வருடம் கழித்து அந்தப் பந்து ஆறு லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

அப்புறம் ஹேங்க் ஆரன் ஸ்டேட் டிரெயிலில் நடந்தேன். ஏரிக்கரையிலிருந்து மெனாமனி பள்ளத்தாக்கு வழியாக மேற்கே போகும் நடை, சைக்கிள் பாதை. பழைய தொழிற்சாலை நிலங்கள், ஆற்றில் மீன் பிடிப்பவர்கள், குழந்தைகளோடு குடும்பங்கள். சிலைகளைவிட எனக்கு இந்தப் பாதை பிடித்திருக்கிறது. அவருடைய பெயரில் மக்கள் தினமும் தூரம் கடக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு ஆரனும் சும்மா உட்காரவில்லை. பிரேவ்ஸ் நிர்வாகத்தில் இளம் வீரர்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். கறுப்பர்களுக்கு மேலாளர் பதவி தருவதில்லையே என்று பொதுவில் கேட்டுக்கொண்டே இருந்தார். தன் அறக்கட்டளை மூலம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஜப்பானின் பேஸ்பால் வீரர் சதஹாரு ஓவோடு சேர்ந்து உலகச் சிறுவர் பேஸ்பால் முகாமைத் தொடங்கினார்.

ராத்திரி ஹோட்டலிலிருந்து மச்சானுக்குப் போன் செய்து கடைசி ஆட்டத்தைச் சொன்னேன். 1976 அக்டோபர் 3, கவுன்டி ஸ்டேடியம், எதிரணி டெட்ராய்ட் டைகர்ஸ், காலி இருக்கைகளே அதிகம். நாற்பத்திரண்டு வயது ஆரன் கடைசியாக மட்டை பிடித்தார். பந்து, இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் தரையோடு உருண்டது. விழுந்தடித்து ஓடி முதல் பேஸைத் தொட்டார். வெறும் சிங்கிள். அதில் ஒருவர் ரன் எடுத்தார், ஆரன் அடித்து வந்த ரன்களில் அது 2,297-வது, அந்தச் சாதனையும் இன்றுவரை அவருடையதுதான். அந்த 90 அடிதான் 6,856-வது பேஸ்.

உடனே அவரை வெளியே அழைத்துவிட்டு, பதிலுக்கு ஓட ஜிம் கேன்ட்னர் என்ற இளைஞரை முதல் பேஸில் நிறுத்தினார்கள். அப்போது ஆரன் ஓடி எடுத்திருந்த ரன்கள் 2,174. பேப் ரூத்தும் சரியாக 2,174. இன்னும் ஒரு ரன் எடுத்திருந்தால் அதிலும் ரூத்தைத் தாண்டியிருப்பார்.

மறுமுனையில் மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கோபமாகவே கேட்டான்: “அவ்ளோ தூரம் ஓடுனவர் மாப்ள, அந்த மூணு பேஸையும் அவரையே ஓட விட்டா என்ன கெட்டுப்போச்சு?”